மனித உடல் தானே தீப்பற்றுமா?

1951-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். தம் வீட்டில் குடியிருந்த 67 வயது மூதாட்டிக்கு வந்த தந்தியைக் கொடுப்பதற்காக, வீட்டுக்கார அம்மாள் காலையில் அவருடைய அறைக்குச் சென்றார். கதவின் கைப்பிடியைத் தொட்டார். அது சுட்டது! ஆட்களை அழைத்து வந்து உள்ளே பார்த்தபோது, மூதாட்டி அமர்ந்திருந்த நாற்காலி இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. அருகே செருப்பணிந்த ஒரு பாதம் மட்டும் எரியாமல் கிடந்தது. அறையிலிருந்த மற்றப் பொருள்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன.

அவருடைய உடல் தானாகவே தீப்பற்றி எரிந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். இத்தகைய கதைகள் ஐரோப்பாவில் ஏறத்தாழ 300 ஆண்டுகளாக உலவி வருகின்றன. சார்லஸ் டிக்கன்ஸ் தமது ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் ஒரு குடிகாரக் கடைக்காரர் இப்படி எரிந்து மடிவதாகவே எழுதிவிட்டார். மாணவர்களே, இது நடக்கக்கூடியதா? ஆராய்ந்து பார்ப்போம்.

தானே எரியும் பொருள்கள்

ஒரு பொருள் எரிய மூன்று தேவை: எரிபொருள், ஆக்சிஜன், தீப்பற்றுவதற்குப் போதிய வெப்பநிலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தீ இல்லை.

வெளியிலிருந்து யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பற்றும் பொருள்கள் உண்டு. வெண் பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் போட்டு வைப்பது இதற்காகத்தான். ஈரமான வைக்கோற்போர், நிலக்கரிக் குவியல், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிகள் ஆகியவையும் சில வேளைகளில் தாமே பற்றிக்கொள்ளும். குவியலின் நடுவே மெதுவாக வெப்பம் உண்டாகிறது. அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் தீ மூள்கிறது.

நம் உடலிலும் உணவு ஆக்சிஜனுடன் சேர்ந்து வெப்பம் உண்டாகிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. அப்படியானால் நாமும் வைக்கோற்போர் போலத்தானா? இல்லை. உடலில் உண்டாகும் வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டு வருகிறது. வியர்வை ஆவியாகித் தோலைக் குளிர்விக்கிறது. இதனால் உடல் வெப்பநிலை 37 பாகை சென்டிகிரேடு அளவிலேயே நிற்கிறது. இந்த ஏற்பாடு கெட்டு, வெப்பநிலை 42 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உயிர் போனால் வெப்பம் உண்டாவதும் நின்றுவிடும். கொழுப்பு தீப்பற்றவோ 200 பாகைக்கும் மேல் வேண்டும். அந்த அளவை உடல் தானாக எட்ட வழியே இல்லை.

மேலும், உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தண்ணீர். கொதிநிலையில் உள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கலோரி வெப்பம் செலவாகும்.

குடிகாரர்களின் உடலில் ஊறிய சாராயம் பற்றிக்கொள்கிறது என்று முன்பு சொன்னார்கள். இரத்தத்தில் 0.4 விழுக்காடு ஆல்கஹால் சேர்ந்தாலே மனிதன் இறந்துபோகலாம். அவ்வளவு நீர்த்த திரவம் எரியுமா?

நீதிமன்றத்தில் ஒரு வேதியியலார்

இந்த நம்பிக்கை வெறும் வேடிக்கைக் கதையாக நின்றுவிடவில்லை. 1847-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கோர்லிட்ஸ் சீமாட்டி தம் அறையில் கருகிக் கிடந்தார். உடல் தானே தீப்பற்றியது என்று ஒரு மருத்துவர் கருத்துச் சொன்னார். பின்னர் உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்தபோது மண்டையோடு உடைந்திருந்தது! 1850-இல் நடந்த விசாரணையில் புகழ்பெற்ற வேதியியலார் லீபிக் சாட்சியளித்தார். உயிருள்ள உடல் தானே தீப்பற்றாது என்று அவர் அடித்துச் சொன்னார். சாராயத்தில் ஊறவைத்த உடலுறுப்புகளைக் கொளுத்தினால் சாராயம் எரிந்து தீரும். தசை எஞ்சி நிற்கும் என்பதையும் எடுத்துக்காட்டினார். சீமாட்டியின் வேலைக்காரனே கொலையாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உடையே திரி!

அப்படியானால் ஃபுளோரிடா மூதாட்டி எரிந்தது எப்படி? நம் வீட்டு அகல் விளக்கை எண்ணிப் பாருங்கள். அகலில் உள்ள எண்ணெயில் எரியும் தீக்குச்சியைப் போட்டால் அது அணைந்துவிடும். ஆனால் சிறிய பஞ்சுத் திரி இருந்தால் அதே எண்ணெய் மணிக்கணக்கில் நின்று எரியும். எண்ணெயைச் சிறிது சிறிதாக உறிஞ்சிச் சுடரிடம் கொடுப்பது திரியின் வேலை.

மூதாட்டி தூக்க மாத்திரை சாப்பிட்டிருந்தார். கடைசியாக அவரைப் பார்த்தபோது சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். சிகரெட் நெருப்பு உடையில் பற்ற, தோல் வெடித்துக் கொழுப்பு உருகியிருக்கும். உடையும் நாற்காலித் துணியும் அதை உறிஞ்சித் திரியாகிவிட்டன. இதில் எரிபொருள் உள்ளே, திரி வெளியே! சுடர் சிறியது, வெப்பம் மேலே செல்லும். அதனால்தான் அறை எரியவில்லை. சுவரின் மேற்பகுதியில் எண்ணெய்ப் பசையுள்ள கரி மட்டும் படிந்தது. கொழுப்புக் குறைவான பாதமும் தப்பியது.

சுடுகாட்டில் அத்தனை விறகு அடுக்குகிறார்களே, இங்கு சிறு சுடர் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். விடை: நேரம். 1998-இல் ஜான் டிஹான் என்ற தடயவியலார், இறந்த பன்றி ஒன்றைப் போர்வையில் சுற்றி, சிறிதளவு பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். பெட்ரோல் விரைவில் தீர்ந்தது. கொழுப்போ பல மணி நேரம் எரிந்தது. எலும்புகள்கூட நொறுங்கின. அறைக்குப் பெரிய சேதமில்லை.

ஆகவே, எரியும் உடலைக் கொழுப்பு நின்று எரியச் செய்யும்; ஆனால் முதல் பொறி வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தப் பொறியைத் தேடுவது ஏன் முக்கியம்? 2013-இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தை திரும்பத் திரும்பத் தீக்காயம் அடைந்தது. குழந்தை தானே தீப்பற்றுகிறது என்ற பேச்சு பரவியது; ஊரார் அஞ்சினார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவர்கள், குழந்தையின் உடலில் தீப்பற்றக்கூடிய பொருள் எதையும் காணவில்லை. தானே எரிகிறது என்று நம்பிவிட்டால், அக்குழந்தையைக் காப்பாற்ற எதைத் தேடுவது? யாரைக் கேட்பது?

இனி இப்படி ஒரு செய்தி உங்கள் காதில் விழுந்தால், வியந்து நிற்காதீர்கள். “பொறி எங்கிருந்து வந்தது? திரி எது?” என்று கேளுங்கள்.