ஏ.பி.எஸ். விளக்கும் வீட்டுப் பரிசோதனையும்

காரின் மீட்டர் பலகையில் தோன்றும் எச்சரிக்கை விளக்குகளிலே அதிகமாகத் தவறாக அர்த்தம் செய்துகொள்ளப்படுவது, வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற எழுத்துக்களைத் தாங்கி மஞ்சள் நிறத்தில் எரிகின்ற அந்தச் சிறு விளக்குதான். அதைக் கண்ட மாத்திரத்தில் பிரேக்கே போய்விட்டதென்று கலங்கி, நெடுஞ்சாலையின் நடுவே வண்டியை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்தான் நன்றாகப் பிடிக்கிறதே, எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று மாதக்கணக்கில் அதனுடனேயே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, அங்கே அனுமானத்தின்பேரில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றப்பட்டதற்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு, விளக்கு மட்டும் அணையாமல் திரும்புகிறவர்களும் உண்டு. இந்த மூன்றாம் வகையினரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏனெனில் இந்தக் கோளாற்றின் மூலம் பெரும்பாலும் அற்பமான ஓர் இடத்தில், ஏதோ ஒரு சக்கரத்தின் உட்புறத்தில், சேறு படிந்த வயரிலோ சென்சாரிலோ இருக்கிறது என்பதும், அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது பொறுமையும் ஒழுங்கான விசாரணையுமே என்பதும் என் தீர்மானமான அபிப்பிராயம்.

கோளாற்றைத் தேடுமுன், ஏ.பி.எஸ். என்ற இந்த ஏற்பாடு, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் ஏற்பாடு, எதற்காக ஏற்பட்டது என்று தெரிந்துகொள்வது நலம். வண்டியை நிறுத்துவது பிரேக் என்று நாம் சொன்னாலும், உண்மையில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வுதான். சக்கரம் சுழன்றுகொண்டே சற்று வழுகும்போது, அதாவது வண்டியின் வேகத்தைவிடச் சக்கர விளிம்பின் வேகம் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் குறைந்திருக்கும் நிலையில், நல்ல சாலையிலே இந்த உராய்வு உச்சத்தை எட்டுகிறது. பிரேக்கை மேலும் அழுத்திச் சக்கரம் முற்றிலும் இறுகி நின்றுவிட்டால், டயர் தரையைப் பற்றுவதை விட்டு அதன்மேல் தேய்ந்துகொண்டு போக ஆரம்பிக்கிறது. அதைக் காட்டிலும் பெரிய அபாயம், இறுகிய முன் சக்கரங்களுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு அநேகமாக இல்லாமற் போவதால், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கில் நேராகவே சறுக்கிச் செல்வதுதான். பின் சக்கரங்கள் முந்தி இறுகினாலோ வண்டி பின்புறம் வீசித் திரும்பிவிடும். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெய்யும் புழுதியும் நீரோடு கலந்து வழவழத்துக் கிடக்கும் வேளையில், குறுக்கே வந்த ஒருவரைக் கண்டு முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தபடியே வண்டியை ஒதுக்கி விலக்கிச் செல்லும் சக்தியை ஓட்டுபவருக்கு அளிப்பதே ஏ.பி.எஸ்ஸின் பிரதான நன்மை. மணலிலும் சரளையிலும் வண்டி நிற்கும் தூரத்தை இது சற்றுக் கூட்டவும் கூடும். ஆனாலும் திருப்பும் சக்தி கைவிட்டுப் போகாதிருப்பது உயிர் காக்கும் விஷயம்.

இந்த யுக்தி ஆகாய விமானங்களிலிருந்து கார்களுக்கு வந்தது. ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் இறுகி, டயர் தேய்ந்து வெடிப்பதைத் தடுப்பதற்காக 1950-களில் டன்லப் கம்பெனியார் மாக்ஸரெட் என்ற சாதனத்தை அளித்தார்கள். 1966-இல் வெளிவந்த ஜென்சன் எஃப்.எஃப். என்ற இங்கிலாந்துக் கார் அதையே தாங்கி வந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு கூடிய இன்றைய வகையை 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் கார்களுக்குக் கொடுத்தது. ஒரு காலத்தில் செல்வந்தரின் வண்டிகளுக்கே உரியதாக இருந்த இந்தக் காவல், 2019 முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்களுக்குச் சட்டப்படி கட்டாயமாகிவிட்டது.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் விரல் நுனி அளவான ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தையோ, பேரிங்கின் ஓரத்தில் பதிந்த காந்த வளையத்தையோ பார்த்து, அது மின் துடிப்புக்களை அனுப்புகிறது. நான்கு சக்கரங்களின் துடிப்புக்களையும் ஒரு மின்னணுப் பெட்டி இடைவிடாமல் ஒப்பிட்டு, ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென்று மந்தப்படுமானால், பிரேக் ஆயில் செல்லும் வழியிலுள்ள வால்வுகளைக் கொண்டு அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை நிறுத்தி, குறைத்து, மீண்டும் கூட்டி, ஒரு விநாடிக்குள்ளேயே பல தடவை இந்தக் காரியத்தைச் செய்கிறது. அப்போது பெடல் காலின்கீழ் அதிர்வதும், ஒருவகைக் கடகடப்புக் கேட்பதும் இயல்பானவை. அதைக் கோளாறென்று எண்ணிக் காலை எடுத்துவிடுவதுதான் பெரும் பிசகு.

இப்போது விளக்கின் விஷயத்துக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் அந்தப் பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைவது அந்தச் சோதனை முடிந்ததற்கு அடையாளம். ஓடும்போதும் சோதனை தொடர்கிறது. நான்கு சாட்சிகளில் ஒருவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால், அவசரத் தீர்ப்புச் சொல்வதைவிட வழக்கை ஒத்திவைப்பதே மேலென்று கருதும் நீதிபதியைப் போல, ஒரு சென்சாரின் செய்தியில் சந்தேகம் பிறந்தவுடன் பெட்டி தன் அதிகாரம் முழுவதையும் துறந்து, மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆகையால் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் உங்களுக்கு இருக்கிறது. விசேஷக் காவல் மட்டும் இல்லை. அதனோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. ஹேண்ட் பிரேக் விடுபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது விடுபட்டிருந்தும் சிவப்பு எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் செயலிழந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டக்கூடாது.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறதென்று வைத்துக்கொண்டு, கையில் எந்தக் கருவியும் எடுப்பதற்கு முன், அது எப்போது எரிகிறது என்பதைக் கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தக் கவனிப்பே பாதி வைத்தியம் என்பேன். சாவியைத் திருப்பியதிலிருந்தே அணையாமல் எரிந்தால், எங்கோ மின்சுற்று அறுபட்டிருக்கிறது அல்லது பியூஸ் போயிருக்கிறது என்று கருத இடமுண்டு. முதலில் அணைந்து, வண்டி சிறிது தூரம் நகர்ந்து வேகமெடுத்ததும் எரிந்தால், மின்சுற்று சரியாயிருந்தும் ஒரு சக்கரத்திலிருந்து துடிப்பு வரவில்லை என்று பொருள். வளையத்தையும் சென்சாரின் முனையையும் சந்தேகிக்க வேண்டும். வேகத்தடையின்மேல் ஏறி இறங்கும்போது எரிந்தால் தளர்ந்த வயர். மழையிலும் வண்டி கழுவிய மறுநாளும் மட்டும் எரிந்தால் இணைப்பில் புகுந்த நீர். காய்ந்த சாலையில், நடக்கும் வேகத்தில் மெதுவாக நிறுத்தும்போது பெடல் காரணமின்றி அதிர்கிறதென்றால், வெடித்த பல்வளையமோ துரு ஏறிய இடமோ சென்சாரை ஏமாற்றுகிறது.

பிறகு எளியவற்றைப் பாருங்கள். பிரேக் ஆயில் குப்பியின் பக்கத்தில் மேல், கீழ்க் கோடுகள் இருக்கின்றன. ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால், பிரேக் பேடு தேய்ந்திருப்பதாலோ கசிவாலோ அப்படி ஆகியிருக்கும், ஆதலால் காரணத்தைப் பாராமல் ஊற்றி நிரப்பிவிடுவது நோயை மறைப்பதாகும். நிரப்ப நேர்ந்தாலும் மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் எண்ணுக்குரிய ஆயிலையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயிலோ வேறு எண்ணெய்யோ ஒரு துளி கலந்தாலும் உள்ளேயுள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பேட்டரி பலவீனமாயிருந்தாலும் ஏ.பி.எஸ். பெட்டி முணுமுணுக்கும்; என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால், பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து ஏ.பி.எஸ். பியூஸ்களைச் சோதியுங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் சிறிய ஸ்டெப்னியோ வேறு அளவு டயரோ போட்டிருந்தால், அந்தச் சக்கரம் மற்றவற்றிலிருந்து மாறுபட்ட வேகத்தில் சுழன்று பெட்டியைக் குழப்பக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இவ்வளவிலும் குற்றம் தெரியாவிட்டால் ஸ்கேனர் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட்டில் அதைச் செருகுவார்கள். மலிவான ஸ்கேனர்களில் பல, பி என்ற எழுத்தில் தொடங்கும் என்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ்ஸைச் சேர்ந்தவை சி என்ற எழுத்தில் தொடங்குபவை, ஆகவே அவற்றைப் படிக்குமா என்று கேட்டே வாங்க வேண்டும். உதாரணமாக சி0035 என்பது இடது முன் சக்கரத்தின் சென்சார் சுற்றையும், சி0040 வலது முன் சக்கரத்தினுடையதையும் குறிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி தனிக் குறியீடுகளும் உண்டு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறியீடு சென்சாரின் பெயரைச் சொல்வதால் சென்சார் கெட்டுவிட்டதென்று முடிவு செய்யக்கூடாது. அந்தச் சக்கரத்தின் சுற்றில் எங்கோ கோளாறு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. வயரை எலி கடித்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். குறியீட்டைப் படித்தவுடன் அழித்துவிடாமல், முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பு ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அருகில் அமர்ந்து, ஆளற்ற சாலையில் மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் பாருங்கள். மூன்று ஒன்றாய்ச் செல்ல, ஒன்று மட்டும் பூஜ்யமாய் நின்றாலோ, திடீர் திடீரென்று விழுந்து எழுந்தாலோ, குற்றவாளி இருக்கும் மூலை தெரிந்துவிட்டது.

அந்தச் சக்கரத்தைக் கழற்றும்போது எச்சரிக்கை மிக அவசியம். சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான ஸ்டாண்டின்மேல் வண்டியை இறக்கி வைத்துவிட்டே வேலை செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே உடம்பைக் கொடுத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். முதலில் கண்ணால் பாருங்கள்: ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் வளைந்து நீளும் இடத்தில் வயரின் உறை வெடித்திருக்கிறதா, கிளிப்பிலிருந்து விடுபட்டு டயரில் உரசியிருக்கிறதா, எலியின் பல் பட்டிருக்கிறதா, இணைப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் போன்ற களிம்பு தெரிகிறதா என்று. சென்சார் பெரும்பாலும் ஒரே ஒரு சிறு போல்ட்டில் நிற்கிறது. ஸ்பானரால் அதைக் கழற்றி, சென்சாரை மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். துருவில் சிக்கியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய்யைத் தெளித்துக் காத்திருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல சென்சாரும் உடைந்துபோகும். முனை காந்தமுள்ளதானால் அதில் இரும்புத் துகள்கள் தாடிபோல் ஒட்டியிருக்கும். அவற்றைத் துடைத்து, சென்சார் உட்காரும் இடத்தில் துரு தடித்து அதை வளையத்திலிருந்து விலக்கியிருந்தால் அதையும் சுரண்டி எடுத்து, மீண்டும் பொருத்தியதும் விளக்கு அணைந்துவிட்ட வண்டிகள் எத்தனையோ.

மீட்டரால் சோதிக்க விரும்புகிறவர்கள், சென்சார் எந்த ஜாதி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வகை ஒரு கம்பிச் சுருள். சாவியை அணைத்து இணைப்பைப் பிரித்து அதன் மின்தடையை அளந்தால், பல வண்டிகளில் சுமார் 800 முதல் 2,500 ஓம் வரை காட்டும், இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது, சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிய மாறுதிசை மின்னழுத்தமும் தோன்றும். இக்காலக் கார்களில் பெரும்பாலும் இருப்பது, உள்ளே மின்னணுச் சில்லு கொண்ட புது வகை. அதில் ஓம் அளப்பது பயனற்றது மட்டுமல்ல, கெடுதலும் செய்யக்கூடும். அதற்கு, சாவியைப் போட்டு, பெட்டியிலிருந்து வரும் வயரில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பார்த்து, மீதியை ஸ்கேனரிடம் விட்டுவிடுவதே உத்தமம். இடது, வலது சென்சார்கள் ஒரே மாதிரியாக இருக்கும் வண்டியில், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குறியீடும் கூடவே அடுத்த சக்கரத்துக்கு மாறினால் சென்சார்தான் குற்றவாளி, மாறாமல் பழைய இடத்திலேயே நின்றால் வயரையும் வளையத்தையும் தேடுங்கள்.

வீல் பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிய ஆரம்பித்தால், வேறெங்கும் தேடவேண்டாம். காந்த வளையம் பதிந்த பேரிங் பார்வைக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். காந்தமுள்ள பக்கம் சென்சாரை நோக்காமல் திருப்பிப் போட்டுவிட்டால் துடிப்பே வராது. இதை அறியாமல் விலையுயர்ந்த ஏ.பி.எஸ். பெட்டியை மாற்றச் சொல்வது பெரிய அநியாயம். பெட்டியும் கெடுவதுண்டுதான், ஆனால் பியூஸ், பேட்டரி, வயர், வளையம், சென்சார் என்று எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிய பிறகே அதன்மேல் குற்றம் சாட்ட வேண்டும். அந்தப் பெட்டியையும் ஆயில் குழாய்களையும் வீட்டில் கழற்றக்கூடாது. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதற்குப் பல வண்டிகளில் ஸ்கேனரின் துணை தேவைப்படுகிறது.

பழுது தீர்ந்த பிறகு குறியீட்டை அழித்து, சிறிது தூரம் ஓட்டினால், சக்கரங்களின் செய்தி ஒத்துப்போவதை உறுதி செய்துகொண்டு விளக்கு அணையும். அதுவரை முன்செல்லும் வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு, மழையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். நீண்ட பிரயாணங்களைத் தள்ளிப்போடுங்கள். பழுது பார்க்காமல் விளக்கின் பல்பை மட்டும் பிடுங்கி வண்டியை விற்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்து ஓட்டப்போகிறவரின் உயிரோடு விளையாடும் அந்தச் செயலை நான் குற்றமென்றே சொல்வேன். ஆகையால் பழைய கார் வாங்கப்போகும் வாசகர்கள், சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால், காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.