கிளைகளை அளந்து மரத்தை அறிதல்

வயலுக்குக் குழை தாழ்ப்பதற்காக வேலியோரத்து வேம்பிலும் பூவரசிலும் கிளை தறித்தல் கமக்காரரிடையே நெடுங்கால வழக்கமாகும். ஒரு கிளையைத் தறித்தால் மரம் எவ்வளவு இலையை இழக்கும் என்பதைக் கத்தியை எடுக்கு முன்னரே அறிதல் கூடுமா? கூடும். காட்டு மரங்களை ஆராய்வோர் கையாளும் ஒரு கணக்கு இதற்கு உதவும்.

ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலிய ஓவியராகிய லியொனார்டோ டா வின்சி, ஒரு மரத்தின் கிளைகளையெல்லாம் ஒன்றுசேர்த்தால் அவற்றின் பருமன் அடிமரத்தின் பருமனுக்குச் சமமாகும் எனத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1964 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சினோசாகியும் அவருடன் உழைத்தோரும் இதற்குப் பொருந்தும் விளக்கமொன்றை அளித்தனர். ஒவ்வோர் அளவு இலைக்கும் நீர் கொண்டுசெல்லத் தனித்தனிக் குழாய்கள் உள. அக்குழாய்களின் கட்டே மரத்தின் தண்டு என்பது அவர்கள் கருத்து. பழுதாகி நீர் கடத்தாத குழாய்களும் தண்டினுள்ளே தங்கிவிடுவதால் இக்கணக்கு அண்ணளவானதே.

இக்காலத்தில் மரத்தை வீழ்த்தாமலே அளக்கின்றனர். காட்டில் நிறுத்திய லேசர்க் கருவி, மரத்தின் வடிவைக் கணக்கற்ற புள்ளிகளாகப் பதிவு செய்யும். அப்புள்ளிகளுக்குப் பொருந்துமாறு சிறு உருளைகளைக் கோத்து, கிளை கிளையாக மரத்தின் மாதிரியைக் கணனி அமைக்கும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 65 யூக்கலிப்டசு மரங்களை இவ்வாறு அளந்து, பின்னர் வெட்டி நிறுத்துப் பார்த்தனர். 2015 இல் வெளிவந்த முடிவின்படி, லேசர் முறை மொத்த நிறையை ஏறத்தாழ 10 வீதம் கூட்டிக் காட்டியது; அடிமரத்தின் அளவைக் கொண்ட சூத்திரங்களோ 30 முதல் 37 வீதம் வரை குறைத்துக் காட்டின. கிளைகளை அளத்தலின் பயன் இதனாற் புலப்படும்.

கமக்காரருக்கு இக்கருவி வேண்டியதில்லை; ஒரு கயிறும் அடிமட்டமும் போதும். கவட்டுக்குச் சற்றுக் கீழே, வீக்கமில்லாத இடத்தில், அடிமரத்தின் சுற்றளவை அளக்க. கவட்டுக்கு மேலே இரு கிளைகளையும் அவ்வாறே அளக்க. அடிமரம் 20 அங்குலம், பெரிய கிளை 16 அங்குலம், சிறிய கிளை 12 அங்குலம் எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கினால் முறையே 400, 256, 144 ஆகும். 256 உம் 144 உம் சேர்ந்தால் 400.

சிறிய கிளையைத் தறித்தால் 100 பங்கு இலையில் ஏறத்தாழ 36 பங்கு போகும்; பெரியதைத் தறித்தால் 64 பங்கு போகும். சுற்றளவில் 4 அங்குலமே வேறுபாடு; இழப்போ இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு! இலையே மரத்தின் உணவுச்சாலை. மூன்றில் இரு பங்கை ஒரே நாளில் இழந்த மரம் தேறப் பல காலஞ் செல்லும். அடுத்த போகத்துக்குக் குழையும் குறையும்.

சீமைக்கிளுவை அடிக்கடி வெட்டினும் தளிர்க்கும் இயல்பினது. ஆனால் பலகைக்கும் நிழலுக்குமென வளர்க்கும் மரத்தில் சிறிய கிளையையே முதலில் தறிக்க. அது மீண்டும் தழைத்த பின்னரே மற்றதைத் தொடுக. கண்மதிப்பு ஏமாற்றும், ஆகவே கத்திக்கு முன்னர்க் கயிற்றை எடுக்க.