சேணம் பூட்டுமுன் படிக்க வேண்டிய நூல்கள்



சென்ற காலத்தை அறிந்துகொள்வதற்கு வழிகள் பல. ஏடுகளைப் புரட்டுவது ஒன்று. பழம்பொருட்காட்சிச் சாலைக்குச் செல்வது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மூன்றாவது வழி ஒன்றும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பழங்காலப் போர்வீரரின் உடையை உடுத்தி, அவர் ஏந்திய படைக்கலம் போன்ற ஒன்றை ஏந்தி, அன்று நடந்ததைப் பொதுமக்கள் கண்முன் மீண்டும் நடித்துக் காட்டுவதே அது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி, 1961ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனாசஸ் போர்க்களத்தில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் இத்தகைய காட்சி ஒன்று நடந்தது. அதன் பின்னர் இவ்வழக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. இதில் ஈடுபடுவோரை மறுநடிப்பாளர் என்று நாம் அழைப்போம்.

இவர்களுள் குதிரைப்படையினராக வருவோரின் பாடு கடினமானது. காலாட்படை வீரராக நடிப்பவர் தம் ஒருவரை மட்டும் பழக்கிக்கொண்டால் போதும். குதிரைவீரரோ தம்மோடு ஓர் உயிரையும் பழக்க வேண்டும். மனிதன் நடிப்பான்; குதிரை நடிக்காது. சேணம் தவறாகப் பூட்டப்பட்டால் அதன் முதுகு உண்மையாகவே புண்படும்.

இத்தகைய ஒருவர் எந்த நூல்களைப் படிக்க வேண்டும்? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் பழமொழி. ஆயினும் இவர்கள் வகையில் ஏடே முதல் உதவி என்று கருதுகிறேன். அந்தக் குதிரைவீரர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டறிய ஏட்டைத் தவிர வேறு வாய் இல்லை. அந்நாட்டுக் குதிரைப்படையைப் பற்றிய நூல்களை விரும்பிப் படித்து வருபவன் என்ற முறையில், அவற்றை எந்த வரிசையில் படிப்பது நலம் என்பதை இன்று சொல்ல முற்படுகிறேன். குதிரை ஏறும் எண்ணம் இல்லாத உங்களுக்கும் இவ்வரிசை பயன்படும். எந்த நாட்டின் வரலாற்றையும் படிக்கும் முறை அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் படிக்க வேண்டியவை பயிற்சிக் கையேடுகள். 1841ஆம் ஆண்டில் போர்த்துறைச் செயலாளராக இருந்த ஜோயல் பாயின்செட் என்பவரின் பெயரால் வழங்கும் கையேடு ஒன்று வெளியாயிற்று. பிரெஞ்சுப் படையின் முறையைத் தழுவிய இந்நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது. தரையில் நின்று பழகுவது, குதிரைமேல் அமர்ந்து பழகுவது, ஒரு ரெஜிமெண்ட் முழுவதும் ஒன்றாக இயங்குவது என்று படிப்படியாக அது கற்பிக்கிறது. வீரர்கள் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைகளில் நிற்பது அதன் முறை. பிறகு பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் என்ற படைத்தலைவர், ஒரே வரிசையில் நிற்கும் முறையை வகுத்துத் தம் நூலை 1862இல் வெளியிட்டார். இவர் வர்ஜீனியாவில் பிறந்தும் வடபுல அரசின் பக்கமே நின்றார். இவருடைய மருமகனான ஜெப் ஸ்டூவர்ட்டோ தென்புலத்தாரின் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கினார். ஒரு குடும்பத்தையே அப்போர் எப்படிப் பிளந்தது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று. தென்புலத் தலைவர்களுள் ஒருவரான ஜோசப் வீலரும் 1863இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். போர் முடிந்தபின், எமரி அப்டன் வகுத்த முறையைத் தழுவிய புதிய குதிரைப்படைக் கையேடு 1874இல் வந்தது.

இத்தனை ஆண்டுகளை நான் ஏன் அடுக்குகிறேன்? எந்த ஆண்டின் வீரராக நடிக்கிறோமோ அந்த ஆண்டின் நூலையே படிக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. 1863இன் வீரராக வேடம் பூண்டவர் 1874இன் கட்டளைகளுக்கு இயங்கினால் அவருடைய பொத்தான்கள் எவ்வளவு சரியாக இருந்தும் பயன் இல்லை. ஆண்டறியாமல் எடுத்தாளும் சான்று பொய்ச்சான்றுக்கு நெருங்கிய உறவு. வரலாற்று மாணவர் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும் அல்லவா?

கையேடுகளைப் படித்தால் திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்த சித்திரம் மாறிவிடும். வாளை உருவிக்கொண்டு பாய்வதே குதிரைப்படையின் தொழில் என்று எண்ணியிருக்கிறோம். உண்மையில் உள்நாட்டுப் போரின் குதிரைவீரர் பல வேளைகளில் குதிரையைவிட்டு இறங்கித் தரையில் நின்றே சுட்டார். அப்போது நால்வருள் ஒருவர் மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். ஆகவே படை இறங்கிய கணத்திலேயே அதன் துப்பாக்கிகளில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். வடபுல அரசு 1870 முதல் 1888 வரை வெளியிட்ட போர்க்கால மருத்துவ வரலாற்றில், வாளாலும் துப்பாக்கி முனை ஈட்டியாலும் காயமுற்று மருத்துவம் பெற்றவர் ஆயிரத்துக்கும் குறைவாகவே காணப்படுகின்றனர். குண்டுக் காயமுற்றோரோ லட்சக்கணக்கில் இருந்தனர். வாள் பளபளத்தது, கொன்றது குண்டு.

இரண்டாவதாகப் படிக்க வேண்டியவை குதிரையைப் பற்றியவை. இவை பொதுமக்களுக்குச் சுவையற்றவையாகத் தோன்றலாம். 1861ஆம் ஆண்டின் படை ஒழுங்குவிதிகளைத் திறந்து பாருங்கள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குப் பதினான்கு பவுண்டு உலர்புல்லும் பன்னிரண்டு பவுண்டு தானியமும் அளிக்க வேண்டும் என்று அங்கே காண்பீர்கள். ஆயிரம் குதிரைகள் உள்ள ஒரு ரெஜிமெண்டுக்கு இதைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு இருபத்தாறாயிரம் பவுண்டு ஆகிறது! இதைச் சுமந்துவர எத்தனை வண்டிகள் வேண்டும்? அந்த வண்டிகளை இழுக்கும் கோவேறு கழுதைகளுக்குத் தீனி எங்கே? படைகள் ஏன் நின்றன, ஏன் திரும்பின என்ற கேள்விகளுக்குப் பல சமயங்களில் விடை இந்தப் புற்கட்டில் இருக்கிறது. போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் வடபுலக் குதிரைப்படைக்கு 2,84,000 குதிரைகள் வழங்கப்பட்டன. அக்காலத்தில் களத்திலிருந்த குதிரைவீரரோ அறுபதாயிரத்துக்கு மேற்படவில்லை. அவ்வளவு குதிரைகள் பட்டினியாலும் நோயாலும் முதுகுப் புண்ணாலும் அறியாமையாலும் அழிந்தன. 1863இல் குதிரைப்படைக்கெனத் தனி அலுவலகம் ஒன்றை அரசு நிறுவியதற்கு இவ்வழிவே முக்கியக் காரணம்.

மூன்றாவது வகை, அன்றாட வாழ்வைக் காட்டும் நூல்கள். ஜெர்மனியில் பிறந்து வடபுலக் குதிரைப்படையில் தலைவராக விளங்கிய ஆகஸ்ட் காட்ஸ், சாதாரண வீரரும் கீழ்நிலை அதிகாரிகளும் ஆற்றவேண்டிய கடமைகளைத் தொகுத்து 1864இல் ஒரு நூல் எழுதினார். ஜான் பில்லிங்ஸ் 1887இல் வெளியிட்ட 'ஹார்ட்டேக் அண்டு காபி' என்ற நூலை இதனோடு சேர்த்துப் படிக்கலாம். பல்லை உடைக்கும் வறட்டு ரொட்டிக்குத்தான் ஹார்ட்டேக் என்று பெயர். பில்லிங்ஸ் பீரங்கிப்படையைச் சேர்ந்தவரே எனினும், கூடாரம், சமையல், தண்டனை, மழை, சேறு என்று பாசறை வாழ்க்கையை அவரைப்போல் விரித்துரைத்தவர் சிலரே. போருக்குப் பிந்திய மேற்கு எல்லைப்புற வாழ்வை அறிய, டான் ரிக்கி 1963இல் வெளியிட்ட 'ஃபார்ட்டி மைல்ஸ் எ டே ஆன் பீன்ஸ் அண்டு ஹே' என்ற நூலைப் பரிந்துரைப்பேன். அவரைக் கொட்டையும் உலர்புல்லும் உண்டு நாளைக்கு நாற்பது மைல் போவது என்பது அத்தலைப்பின் பொருள். மாதம் பதின்மூன்று டாலர் ஊதியத்துக்கு வந்து சேர்ந்த அயர்லாந்துக்காரரும் ஜெர்மானியரும் அந்நூலில் உயிர்பெற்று நடமாடுகின்றனர். 1867 முதல் 1891 வரை படையில் சேர்ந்தவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சொல்லாமல் ஓடிப்போயினர் என்ற செய்தியை எந்த வீரக் காட்சியும் நமக்குக் காட்டுவதில்லை.

நான்காவதாகத் தலைவர்களின் நினைவுநூல்களுக்கு வரலாம். ஜார்ஜ் கஸ்டர் 1874இல் 'மை லைஃப் ஆன் தி பிளெயின்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அவர் மனைவி எலிசபெத் 1885இல் 'பூட்ஸ் அண்டு சேடில்ஸ்' என்ற நூலை எழுதினார். கோட்டையில் வாழ்ந்த பெண்களின் அச்சமும் தனிமையும் இதில் அழகாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மாண்ட கணவரின் புகழைக் காப்பதே தம் வாழ்வின் கடமை எனக் கொண்டவர் அவ்வம்மையார் என்பதை மறவாமல் படிக்க வேண்டும். ஜான் கிரெகரி போர்க் 1891இல் வெளியிட்ட 'ஆன் தி பார்டர் வித் குரூக்' என்ற நூலில் நேர்மை மிகுதி. 1876இல் உணவின்றித் தவித்த வீரர்கள் தாம் ஏறி வந்த குதிரைகளையே கொன்று தின்ற நெடும்பயணத்தை அதில் உடனிருந்தவர் வாயால் கேட்கலாம்.

இந்த இடத்தோடு நூலடுக்கை மூடிவிடுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடு அன்று. இனிச் சொல்லப்போகும் நூல்களைப் படிக்காதவர் அந்நீலச் சட்டையை அணிய உரிமை பெறவில்லை என்றே சொல்வேன்.

1866இல் அமைக்கப்பட்ட ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படை ரெஜிமெண்டுகளில் கறுப்பின வீரர்களே பணிபுரிந்தனர். 'பஃபலோ சோல்ஜர்ஸ்' என்ற பெயரால் புகழ்பெற்ற இவர்களின் வரலாற்றை வில்லியம் லெக்கி 1967இல் நூலாக்கினார். வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பர், தம் மாணவ வாழ்க்கையை 1878இல் எழுதினார். பத்தாம் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த அவர் 1882இல் படையினின்றும் நீக்கப்பட்டார். 1999இல் குடியரசுத் தலைவர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அப்போது அவர் இறந்து ஏறத்தாழ ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்து, வாளின் மறுமுனையில் நின்றவர்களின் நூல்கள். 1876 ஜூன் 25ஆம் நாள் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும் அவர் நேரே நடத்திச் சென்ற ஏறத்தாழ 210 பேரும் மாண்டனர். அவர்கள் குன்றின்மேல் இறுதிவரை அணிவகுத்து நின்று போரிட்டதாக ஓவியங்கள் தீட்டப்பட்டன. அன்று எதிர்த்துப் போரிட்ட ஷையென் இன இளைஞர் வுடன் லெக் கூறியவற்றை, தாமஸ் மார்க்விஸ் என்ற மருத்துவர் 1931இல் நூலாக வெளியிட்டார். அது வேறு கதை சொல்லிற்று. 1983இல் தீப்பற்றி அப்போர்க்களத்தின் புல்லெல்லாம் எரிந்தபின், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அகழ்வாய்வாளர்கள் குண்டுகளும் தோட்டா உறைகளும் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தனர். அணிவகுப்பு விரைவில் குலைந்தது என்று அச்சான்றுகளைக் கொண்டு ரிச்சர்ட் ஃபாக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் நம்ப மறுத்த பூர்வகுடியினரின் சொல்லுக்கு மண்ணே சாட்சி கூறியது.

இன்னும் ஒன்று. 1864 நவம்பர் 29ஆம் நாள் கொலராடோவைச் சேர்ந்த குதிரைப்படையினர், சேண்ட் கிரீக் என்னும் ஓடைக்கரையில் அமெரிக்கக் கொடியின்கீழ்த் தங்கியிருந்த ஷையென், அராபஹோ மக்களைத் தாக்கி 150க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. 1865இல் இதுபற்றி அரசு நடத்திய விசாரணைகளின் வாக்குமூலங்கள் அச்சாகியுள்ளன. அதே குதிரைப்படையில் கேப்டனாக இருந்த சைலஸ் சோல் என்பவர், தம் கம்பெனிக்குச் சுடுமாறு ஆணையிட மறுத்து ஒதுங்கி நின்றார். பின்னர் விசாரணையில் சாட்சியும் சொன்னார். சில வாரங்களுக்குள் டென்வர் நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் நீலச் சட்டை அணிந்தவரே. சுட்டவர்களும் நீலச் சட்டை அணிந்தவர்களே. ஓர் உடைக்குள் இருவகை மனிதரும் இருந்தனர் என்பதை அந்த வாக்குமூலங்களே நமக்கு அறிவிக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு கோவையாக்கிக் காண, ராபர்ட் அட்லி 1967இலும் 1973இலும் வெளியிட்ட எல்லைப்புறப் படை வரலாறுகளையும், ஸ்டீபன் ஸ்டார் மூன்று தொகுதிகளாக எழுதிய வடபுலக் குதிரைப்படை வரலாற்றையும் இறுதியில் படிக்கலாம். முதலிலேயே இவற்றைப் படித்தால் பிறர் முடிவுகளை மனப்பாடம் செய்தவர்களாவோம். மூலங்களைப் பார்த்தபின் படித்தால், அவர்களோடு உரையாடவும் வேண்டுமிடத்தில் மாறுபடவும் நமக்குத் தகுதி வரும்.

நண்பர்களே, காட்சி முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு சிறுவன் வந்து, "நீங்கள் யாரோடு போரிட்டீர்கள்? எதற்காக?" என்று கேட்பான். அப்போது வேடதாரி சொல்லும் விடையே அச்சிறுவனுக்கு வரலாறு ஆகிவிடுகிறது. மாண்டவர்கள் எழுந்துவந்து அதைத் திருத்தப்போவதில்லை. அவர்கள் சார்பில் பேசத் துணிகிற எவரும், உடை தைக்கக் கொடுக்குமுன் நூலகத்தின் படியேற வேண்டும் என்பதே என் கருத்து.