டெல்லி என்றால் எட்டா, பதினாறா?

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு விதை வாங்கப் போகிறவர் ‘நல்ல நெல்லாகக் கொடுங்க’ என்று கேட்பதில்லை. ‘அம்பை 16’ என்பார், இல்லையென்றால் ‘டி.பி.எஸ். 5’. பின்னது, நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2014-இல் வெளியிட்ட ரகம். அம்பை 16-ஐயும் ஆடுதுறை 37-ஐயும் கலந்து உருவாக்கியது. வயது 118 நாள். எண்ணுக்குப் பின்னால் தாய், தகப்பன், வயது, விளைச்சல் எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

கிரிப்டோ நாணயத்துக்கு இந்த ஒழுங்கு இன்னும் கறாராக வேண்டும். அங்கே ரிசர்வ் வங்கி கிடையாது. பல நாடுகளில் கிடக்கும் கணினிகள் ஒரே விதிகளை வைத்துக்கொண்டு ஒரே பேரேட்டை எழுதுகின்றன. விதி மாறும்போது எல்லாக் கணினிகளும் பேரேட்டின் ஒரே இடத்தில், ஒரே மாதிரி மாறியாக வேண்டும். பிசகினால் பேரேடு இரண்டாகப் பிளக்கும்.

2017-இல் இந்தியர்கள் ‘மேட்டிக்’ என்று தொடங்கி, பின்னர் ‘பாலிகான்’ ஆன வலைப்பின்னலைப் பாருங்கள். அதன் மேம்பாடுகளுக்கு டெல்லி, அகமதாபாத், பிலாய் என்று ஊர்ப்பெயர்கள். காதுக்கு இனிமைதான், ஆனால் டெல்லி என்றால் என்ன மாறுகிறது என்று யாருக்குத் தெரியும்? விஷயமெல்லாம் விவரக்குறிப்பில் இருந்தது. நெரிசல் கூடும்போது, பேரேட்டின் ஒரு தொகுதியிலிருந்து (block) அடுத்த தொகுதிக்குப் பரிவர்த்தனையின் அடிப்படைக் கட்டணம் எவ்வளவு ஏறலாம் என்பதை ஒரு வகு எண் தீர்மானிக்கிறது. அது எட்டாக இருந்தது; டெல்லி மேம்பாட்டில் பதினாறானது. அதாவது, அதிகபட்ச ஏற்றம் 12.5 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தது. கட்டணம் திடீரென்று எகிறுவதைத் தணிக்கத்தான் இது.

மாற்றம் வந்த நாள் 2023 ஜனவரி 17. ஆனால் கணினிகளுக்குத் தேதி சொல்லப்படவில்லை. 38,189,056-ஆம் தொகுதியிலிருந்து புது விதி என்று எழுதினார்கள். கடிகாரங்கள் முன்பின் ஓடலாம், தொகுதி எண்ணில் அந்தத் தகராறு இல்லை. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். வகு எண், தொகுதி எண் என்ற இந்த இரண்டையும் எழுதியவரைத்தான் நான் மதிப்பேன்.

எழுதாமல் விட்ட விதி என்ன செய்யும்? 2013 மார்ச்சில் பிட்காயினில் அது தெரிந்தது. புதிய 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய தொகுதியை 0.7 பதிப்பு நிராகரித்தது. பழைய பதிப்பு பயன்படுத்திய தரவுத்தள மென்பொருளில், ஒரே நேரத்தில் இத்தனை பூட்டுகள்தான் போடலாம் என்றொரு வரம்பு ஒளிந்திருந்தது. பிட்காயின் விதிகளில் அப்படி ஒரு வரி கிடையாது. எழுதியவர்களுக்கே அது தெரியாது. பேரேடு இரண்டாகப் பிரிந்து, சில மணி நேரம் இரண்டுமே வளர்ந்தன. கடைசியில், பேரேட்டில் தொகுதிகளைச் சேர்க்கும் சுரங்கக்காரர்கள் (miners) புதியதைக் கைவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள்.

நடந்ததை மறைக்காமல் ‘பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு 50’ என்று எண் போட்டே ஆவணமாக்கினார்கள். அடுத்து வந்த 0.8.1 பதிப்பு அந்த ஒளிந்த வரம்பை வெளிப்படையான விதியாக எழுதியது. பழைய பதிப்புக்காரர்கள் மாறிக்கொள்ள 2013 மே 15 வரை கெடு.