கண்டல் நட்டால் மட்டும் போதுமா?

புத்தளம் கடல்நீரேரியிலோ மட்டக்களப்பு வாவியிலோ வள்ளத்தில் செல்வோர், நீருக்குள் கால் பரப்பி நிற்கும் கண்டல் மரங்களைக் கண்டிருப்பர். விறகுக்கும் வேலிக்கும் தவிர வேறெதற்கும் உதவாத சேற்றுப் பற்றை என்றே பலரும் இவற்றை எண்ணுகின்றனர். ஆனால் எமது கரையோர மக்களின் வலையில் விழும் பலவகை மீனும் இறாலும் நண்டும் தமது இளம் பருவத்தைக் கழிப்பது இம்மரங்களின் வேரடியில்தான்.

சேற்றில் ஒட்சிசன் இல்லை; நீரிலோ உப்பு. பெரும்பாலான மரங்கள் அங்கே நீண்ட நாள் தாங்கா. கண்டல் தாங்குகின்றது. அதன் தாங்குவேர்களில் உள்ள நுண்துளைகள் காற்றை உள்ளெடுக்கின்றன. உப்பின் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகின்றது. கண்ணா மரத்தின் வழி வேறு. அது பென்சில் முனைகளைப் போன்ற சுவாச வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகின்றது. உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகின்றது. வெயில் நேரத்தில் கண்ணா இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். கண்டலின் விதையோ தாய் மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கிப் பின்பே விழுகின்றது. சேற்றில் குத்தினால் அங்கேயே வேர் விடும். நீரில் விழுந்தால் மிதந்துபோய் வேறொரு கரையில் ஊன்றும்.

விழும் இலைகளை நண்டுகள் இழுத்துச்சென்று தின்கின்றன. எஞ்சியவை மக்கி நுண்ணுயிர்களுக்கும், அவற்றின் வழியாக இறாற் குஞ்சுகளுக்கும் உணவாகின்றன. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன.

இங்கேதான் வேடிக்கை. 1980களில் புத்தளம் மாவட்டத்தில் பரவிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. அப்பண்ணைகளின் குஞ்சு பொரிப்பகங்களுக்கு வேண்டிய தாய் இறாலோ கடலிலிருந்துதான் பிடிக்கப்பட்டது. தாய் இறால் வளர்ந்த தொட்டிலை உடைத்துவிட்டு அதன் குஞ்சுகளுக்குக் குளம் வெட்டினார்கள்! பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரை எடுத்து, கழிவையும் அதற்குள்ளேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது குளத்துக்குக் குளம் பரவியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. காடும் இல்லை, இறாலும் இல்லை.

2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னர் கண்டலின் மதிப்பு பேசப்பட்டது. நிறுவனங்கள் பல, நிதியுடனும் நாற்றுக்களுடனும் கரைக்கு வந்தன. விளைவு என்ன? நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று வருந்தத்தக்க கணக்கைத் தருகின்றது. நடப்பட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை; தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்தவை கல்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றே இடங்கள்.

கன்றுகளில் குறை இல்லை. நட்ட இடமே குறை. எமது நாட்டில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கண்டலுக்கு ஏற்ற மட்டம் கரையோரமாக ஓடும் ஒரு குறுகிய பட்டை மாத்திரமே. அதற்குக் கீழே நட்டால் கன்று எந்நேரமும் மூழ்கி மூச்சடைத்துச் சாகும். மேலே நட்டால் காய்ந்து கருகும். காணி உரிமைப் பிணக்கில்லாத இடம் என்பதற்காகச் சேற்றுத்தரையிலும் கடற்புல் தரையிலும் நடுவது இரட்டை நட்டம். கடற்புல்லும் ஒரு மீன் வளர்ப்பிடமே அல்லவா? எல்லா இடத்திலும் கண்டலையே நடுவதும் பொருந்தாது. குச்சியைப் பொறுக்கிக் குத்துவது எளிது என்பதே அதற்குக் காரணம் எனத் தோன்றுகின்றது. கண்ணாவும் தில்லையும் கிண்ணையும் தத்தமக்கு உரிய மட்டத்தில் வளர்பவை.

2015இல் சிலாபத்தை மையமாகக் கொண்ட சுதீச நிறுவனம், அரசுடனும் வெளிநாட்டு அமைப்பொன்றுடனும் இணைந்து வேறு வழியில் இறங்கியது. கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும் கொடுத்து, நிற்கும் காட்டைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தது. புதிதாக நடுவதைவிட நிற்பதைக் காப்பது மலிவானது என்பதே எமது கருத்தும்.

நடத்தான் வேண்டும் என்று கருதும் கிராமச் சங்கங்கள் முதலில் அயலில் தானாக வளர்ந்த கண்டலைப் பார்க்கட்டும். அதன் அடியில் நீர் எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதைக் கம்பு நட்டு, கோடு போட்டு, சில மாதங்கள் குறித்துவரலாம். அதே மட்டத்தைத் தம் நிலத்தில் தேடலாம். கைவிட்ட இறாற் குளமாயின், காணிக்குரியோரின் இணக்கத்துடன் வரம்பை இரண்டு மூன்று இடங்களில் வெட்டி, வற்றும் பெருக்கும் உள்ளே வந்துபோக விடவேண்டும். அயலில் தாய் மரங்கள் நின்றால், நீரே விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். அப்படியான இடத்தில் நாற்றுமேடைக்குச் செலவழிக்கும் முன் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது. ஆடு மாடு நுழையாமல் வேலி மட்டும் போட்டுக்கொள்ளலாம்.