எல்லையோரப் பிள்ளைகள் – 11: சிங்காரப்பேட்டையா, சிங்காரப்பெட்டையா?

பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த எட்டு வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் 5ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளையாக இருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்காரவைக்க வேண்டும், விட்டுப்போனதைத் தனிப்பயிற்சியில் ஈடுகட்ட வேண்டும். எட்டு வயதென்றால் மூன்றாம் வகுப்பு. இதெல்லாம் சென்ற வாரமே வந்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். பெயர் பதிவேட்டில் ஏறிய மறுநாள் காலையில் தொடங்குவது இந்த வாரத்துச் சங்கதி.

ஊத்தங்கரை வட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டி, திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது சிங்காரப்பேட்டை. கிழக்கே சற்றுத் தொலைவில் செங்கம் கணவாய். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித்தின் படையும் மோதிக்கொண்டது அங்கேதான். அந்நியர் வந்து போவது இந்தச் சாலைக்குப் புதிதல்ல. ஆனால் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உண்டு. ஓசூர், தளி, சூளகிரிப் பக்கத்து வகுப்பறைகளில் தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழோடு கலந்து புழங்குகின்றன. அங்கே வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை ஒரு புதுமையே இல்லை. சிங்காரப்பேட்டை போன்ற தமிழ் ஊர்களில் புதிதாக வந்த பிள்ளை பெரும்பாலும் தனி ஆள். இந்தி பேசும் பிள்ளைக்கு வகுப்பில் முதலில் கிடைக்கும் துணை, அநேகமாக வீட்டில் உருது பேசும் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆசிரியர் சொன்னதைப் பாதி புரியும்படி சொல்லிக்கொடுக்க இடைவேளையில் அந்த ஒரு பிள்ளை போதும். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்த ஏற்பாடு பல சுற்றறிக்கைகளைவிடச் சிறப்பாக வேலை செய்கிறது.

அடுத்தது எழுத்து. தேவநாகரி, ஒடியா, வங்காளம், கன்னடம் எல்லாவற்றிலும் வல்லின வரிசை ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துகள், கூடவே ஒரு மெல்லினம். ஐந்து வரிசைக்கு இருபத்தைந்து. தமிழில் அதே இடத்தில் பத்துதான். கணக்கு குறைகிறதே என்று வந்த பிள்ளை மகிழ முடியாது. ‘கல்’லில் ஓர் ஒலி, ‘தங்க’த்தில் ஓர் ஒலி, ‘மக’னில் இன்னோர் ஒலி என்று ஒரே ‘க’ இடத்துக்கு இடம் மாறுகிறது. உள்ளூர்ப் பிள்ளை இந்த விதியைக் கற்பதே இல்லை, காதிலேயே இருக்கிறது. வந்த பிள்ளை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

சொல்வதை எழுதுதல் வேளையில் பிள்ளைகளின் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால், யார் எங்கிருந்து வந்தவர் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒடியாவில் ‘ள’ உண்டு, ‘ண’வும் உண்டு. அதனால் ஒடிசாப் பிள்ளை ‘பள்ளி’ என்று முதல் நாளே சுத்தமாகச் சொல்லிவிடும். இந்தி, வங்காளம், அசாமியம் மூன்றிலும் ‘ள’ கிடையாது. பாட்னாவிலிருந்து வந்த பிள்ளைக்குப் பள்ளி சில மாதங்களுக்குப் ‘பல்லி’தான். அசாமியப் பேச்சில் ‘த’வும் ‘ட’வும் ஒரே ஒலியாகக் கலந்துவிட்டதால், அங்கிருந்து வந்த பிள்ளைக்குப் ‘பாட்டு’க்கும் ‘பாத்து’க்கும் வேறுபாடு காதில் விழவே நாளாகும். ‘ழ’வைப் பற்றிக் கவலை வேண்டாம். வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும் வடமாவட்டங்களில் வந்த பிள்ளையும் உள்ளூர்ப் பிள்ளையும் அதில் ஒரே வகுப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும். கன்னடத்திலும் தெலுங்கிலும் இவற்றுக்குக் குறிலும் நெடிலும் தனித்தனியே உண்டு. இந்தியிலும் ஒடியாவிலும் அந்தப் பிரிவு இல்லை. அங்கிருந்து வந்த பிள்ளை ‘கொடு’வையும் ‘கோடு’வையும் குழப்பிக்கொள்ளும். ஊர்ப் பெயரை எழுதச் சொன்னால் சிங்காரப்பேட்டை ‘சிங்காரப்பெட்டை’ ஆகிவிடும். வகுப்பு சிரிக்கும்.

சிரிக்கும் பிள்ளைகள் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்த வாரக் கட்டுரை இவ்வளவு நீண்டதற்கும் அதுதான் காரணம். இந்தக் குறில் நெடில் வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் இன்றுள்ள வடிவில் நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவருக்கு அளிக்கப்படுகிறது. அவர் 1680இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி. அதற்கு முன் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடு எழுதியவர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பிறப்பிலேயே தமிழ் பேசியவர்களுக்கு அது பெரிய தொல்லையாகப் பட்டிருக்காது. முப்பது வயதையொட்டித் தமிழகம் வந்து மொழியைப் பிறகு கற்றவருக்குப் பட்டது. நெடிலுக்குத் தனி வடிவம், கொம்புக்கு மேலே ஒரு சுழி என்று வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி ஆயிற்று. சிங்காரப்பேட்டைக்கும் சிங்காரப்பெட்டைக்கும் இடையில் நிற்பது அந்தச் சுழி. தமிழைப் புதிதாகக் கற்க வந்த ஒருவரின் கைவண்ணம் அது என்பதை மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் பாதகமில்லை.

பள்ளிக்குத் திரும்பலாம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. கொரோனாக் காலக் கற்றல் இழப்புக்காக வந்த திட்டம் இது. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து அகரம் பழகும் வெளிமாநிலப் பிள்ளைக்கு இது எதிர்பாராத உதவி. அரும்பு நிலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும் சிலர் இருப்பார்கள். அவர்களோடு ஒருவராக உட்கார்வது, தனியே ஒரு மூலையில் உட்கார்வதைவிட எவ்வளவோ மேல்.

முதல் சில மாதங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்பதை மொழி கற்றலை ஆராய்வோர் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். அது மந்தமல்ல, கேட்டுச் சேர்க்கும் பருவம். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ், விளையாட்டுத் திடல் பேச்சு இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும், பாடப்புத்தகத்தின் மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்று காட்டினார். தமிழில் சரளமாகச் சண்டை போடும் பிள்ளை அறிவியல் பாடத்தில் திணறினால், ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

திடலில் மொழி அவ்வளவு தேவையில்லை. கபடி பீகாரிலும் கபடிதான்; கில்லியும் அங்கே உண்டு. பாடிவரும் மூச்சு நீளமாக இருந்தால் அணியில் இடம் தானே கிடைக்கும். காலை உணவும் இதே வேலையைச் செய்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த அந்தத் திட்டத்தால், மணி அடிக்கும் முன்பே எல்லாரும் ஒரே வரிசையில் தட்டோடு உட்கார்கிறார்கள். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டமும் காலை உணவைக் கையில் எடுத்தது. கூடவே இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த தன்னார்வலர்களைக் கொண்டு மலையாளம் கற்பித்தது. தமிழ்நாட்டில் அதற்கு நெருக்கமானது திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளின் பணியிடப் பள்ளிகள். அங்கே ஒடியா ஆசிரியர், ஒடியா பாடநூல். ஆனால் அது பிள்ளையைத் திரும்பும் ஊருக்குத் தயார் செய்வது, இருக்கும் ஊருக்கு அல்ல.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது நாள்காட்டி. சூளை வேலை மழை முடிந்து தொடங்கி, மே, ஜூன் வரை நடக்கும். பள்ளியோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அரையாண்டுத் தேர்வை ஒட்டி வரும் பிள்ளை, அணியில் இடம் உறுதியான கையோடு ஊர் திரும்பும். ஓசூர் சிப்காட்டில் நிலையான வேலையில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேரூன்றுவது வகுப்பறைத் திறமையைவிட அப்பாவின் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்திருக்கிறது என்பது கசப்பான உண்மை.

ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக அறிவிப்பு வந்திருந்தது. வீரமாமுனிவர் இடத்தை எடுத்துக்கொண்டார். தமிழ் தெரிந்தே வந்தும் வகுப்பில் அந்நியராக நின்ற அவர்களின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)