சோனி சிடிபி-101
சிடி பிளேயர், ஜப்பான், 1982

கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் சிடி பிளேயர் இது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென் விலையில் வெளியானது.

பொத்தானை அழுத்தினால் முன்புறத் தட்டு வெளியே நீளும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி 12 செ.மீ. சிடியை அதில் வைக்க வேண்டும். தட்டு உள்ளே போனதும் லேசர் கதிர் சிடியை அடியிலிருந்து படிக்கும். கிராமபோன் இசைத்தட்டின் ஊசி விளிம்பில் தொடங்கும். லேசரோ நடுவில் தொடங்கி வெளிப்புறம் நகரும். அதற்கேற்பச் சுழற்சியும் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றிலிருந்து 200 வரை குறையும். எதுவும் உரசாததால் சிடி தேய்வதில்லை.

அடுத்த பாட்டுக்குத் தாவ ஒரு பொத்தான் போதும். அன்றைக்கு அதுவே பெரிய வசதி. ஆம்ப்ளிஃபையருடன் இணைத்தால்தான் ஸ்பீக்கரில் ஒலி வரும்.